ஓலைமேட்டு வேகத்தடையும் பயன்தரு கூட்டங்களும்

ஓலைமேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அரியலூர்-பெரம்பலூர் சாலையில் ஒரு வேகத்தடை இருந்தது. அது யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் அந்த இடத்தில் வேகம் குறைந்து, இரண்டு முறை குலுங்கி, பிறகு போகும். குலுக்கலில் கீழே உருளும் கற்களைப் பிள்ளைகள் பொறுக்கிவந்து பாண்டி ஆடச் சில்லாக வைத்துக்கொள்வார்கள்.

ஓர் இரவு அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். காரணம், ஒரு கூட்ட அரங்கம்.

பெரம்பலூரில் இருமாவட்டச் சாலை ஒருங்கிணைப்பு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறது. பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களின் சாலைகளையும் கவனித்துக்கொள்வது அதன் வேலை என்று வாசலில் உள்ள பலகை சொல்கிறது. உள்ளே கூட்டம் நடக்கும். கூட்டம் நடத்த இடம் போதவில்லை என்று பல கூட்டங்களில் பேசி, குளிரூட்டிய அரங்கம் ஒன்றைக் கட்டினார்கள். திறந்துவைக்கச் சென்னையிலிருந்து மேலதிகாரி வருவதாக ஏற்பாடாயிற்று. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆகவே அவர் அரியலூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து காரில் வர வேண்டும். அவருக்கு இடுப்பு வலி என்று சென்னையிலிருந்து முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அரியலூர் ரயிலடி முதல் பெரம்பலூர் அரங்க வாசல் வரை சாலையில் மேடு என்று எதுவும் மிஞ்சக்கூடாது என்று முடிவாயிற்று. அந்த அலுவலகத்தின் வரலாற்றில் ஒரே நாளில் நிறைவேறிய முடிவு அதுதான்.

மேலதிகாரி வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார். சாலை வெண்ணெய் போல் இருப்பதாகப் பாராட்டினார். போய்விட்டார். எடுத்த வேகத்தடைகளைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்கு ஒரு கூட்டம் போட்டிருக்க வேண்டும்.

பள்ளிக்கு எதிரே அறிவரசனின் பஞ்சர் கடை. அவனுடைய மகள் கவியா மூன்றாவது படிக்கிறாள். கடைப்பக்கம் இருக்கும் காலனிப் பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சாலையைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும். வேகத்தடை போன பிறகு லாரிகள் ஓலைமேடு என்று ஓர் ஊர் இருப்பதையே மறந்துவிட்டன. ஒரு நாள் காலையில் கவியா கடக்கும்போது அவள் தோளில் ஒற்றை வாரில் தொங்கிய பையை ஒரு லாரி தட்டிப் பறித்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. பையின் மேல் பின்சக்கரங்கள் ஏறி இறங்கின. டிபன் டப்பா அப்பளமாகியிருந்தது. உள்ளே இருந்த எலுமிச்சைச் சாதத்தைத் தாரிலிருந்து பிரிக்க முடியவில்லை.

அறிவரசனின் மனைவி கலையரசி அந்த டப்பாவை எடுத்து வந்து கடை மேசையில் வைத்தாள்.

"இன்னிக்குப் பை" என்றாள்.

"பெரம்பலூர் போயிட்டு வரேன்."

"போயிட்டு, மனு குடுத்தேன், வாங்கிக்கிட்டாங்கன்னு வந்து நிக்காதீங்க. தார் எப்ப வந்து எறங்கும்னு கேட்டுட்டு வாங்க."

அறிவரசன் நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

அலுவலக முன்கட்டில் வேம்பு அம்மாள் உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பாளர். வருகிறவர்களை உள்ளே விடாமல் இருப்பதைக் கனிவாகச் செய்யத் தெரிந்தவர்.

"உக்காருங்க தம்பி. இயக்குநர் ஐயா மீட்டிங்ல இருக்காரு."

"எப்ப முடியுங்க?"

"இப்ப நடக்கறதா? இது சாயங்கால மீட்டிங்குக்கு முன்னேற்பாடு மீட்டிங். சாயங்காலம் நடக்கப்போறது, மீட்டிங்க உருப்படியா நடத்தறது எப்படிங்கற மீட்டிங். சென்னையிலேர்ந்து பயிற்சியாளர் வந்திருக்காரு."

"ரோட்டப் பத்தி எப்பங்க மீட்டிங்?"

"ரோடா" என்றார் வேம்பு அம்மாள், தூரத்து உறவினர் ஒருவரின் நலம் விசாரிக்கப்பட்டவர் போல. "அது இருக்கு. இல்லாம இல்ல."

முன்னேற்பாடு முடிந்து, சாயங்காலம் அரங்கக் கதவு திறந்து இளைஞர் ஒருவர் தலையை நீட்டினார். கழுத்தில் அட்டை, காதில் கருவி, கையில் நான்கு நிறத்தில் பேனா. அவர்தான் பயிற்சியாளர் ஜெயப்பிரகாஷ்.

"மேடம், பயனாளி எங்க? பயனாளி இல்லாம பயன்தரு கூட்டத்த எப்படி ஆரம்பிக்கறது?"

வேம்பு அம்மாள் அறிவரசனைப் பார்த்தார். அறிவரசன் தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான்.

"இவரு இருக்காரு சார்" என்றார் வேம்பு அம்மாள்.

அடுத்த நிமிடம் அறிவரசன் கழுத்தில் 'பயனாளி' என்று எழுதிய அட்டை தொங்கியது. என்ன பயன் என்று அவன் கேட்டான். அதுவும் கூட்டத்தில் வரும் என்றார்கள்.

அரங்கம் குளிர்ந்திருந்தது. வட்டமாக நாற்காலிகள். எல்லார் முன்னாலும் மூடிய தண்ணீர் பாட்டில், மூடாத தூக்கம். நடுவில் இயக்குநர் அமிர்தலிங்கம். வெள்ளைச் சட்டை, விபூதி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்க்கும் விரல். அவர் தொடக்கவுரை ஆற்றினார்.

"முப்பது வருஷத்துக்கு மேல சர்வீஸ். ஒரு நாள்கூட மீட்டிங் இல்லாம நான் வூட்டுக்குப் போனது கிடையாது. என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு தாலி கட்டற நேரத்துல நான் மீட்டிங்ல இருந்தேன். இதப் பெருமையாச் சொல்லல. வேற எங்க இருக்கறதுன்னு தெரியாமத்தான் இருந்தேன். ரோடு இன்னிக்குப் போடுவோம், மழ பேஞ்சா பேந்துடும். ஆனா மீட்டிங்ல நடந்தத மினிட்ஸ்னு எழுதி வெச்சிட்டோம்னா எந்த மழையும் ஒண்ணும் பண்ண முடியாது."

கைதட்டினார்கள். அறிவரசனும் தட்டினான். அட்டை ஆடியது.

ஜெயப்பிரகாஷ் எழுந்து, ஒரு கூட்டத்தில் மூன்று பொருள்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்றார். முதல் பொருள், ஒரு கூட்டம் எவ்வளவு நேரம் நடக்கலாம். இரண்டாவது பொருள், அதில் எத்தனை பேர் இருக்கலாம். மூன்றாவதாக நிஜமான பிரச்சினை ஒன்று வேண்டும் என்றார். நிஜமான பிரச்சினை எதுவும் கைவசம் இல்லை என்றார் இயக்குநர். எல்லாரும் அறிவரசனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேகத்தடைங்க" என்றான் அவன். "எடுத்ததத் திரும்பப் போடணும்."

"பிரமாதம்" என்றார் ஜெயப்பிரகாஷ். பச்சைப் பேனாவால் பலகையில் எழுதினார். "சின்ன பிரச்சினை. பழகறதுக்கு நல்லா இருக்கும்."

முதல் பொருள் தொடங்கியது. கூட்டம் அரை மணி நேரம் போதும் என்றது ஒரு பக்கம். இருபது நிமிடம்தான் நவீனம் என்றது மறுபக்கம். சாயங்காலத்துக் காப்பி வந்து, வடை வந்து, விளக்குப் போட்ட பிறகு, இரண்டுக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிடம் என்று ஒருமனதாக முடிவாயிற்று. மற்றப் பொருள்களை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

கடைசி பஸ்ஸைப் பிடித்து ஊர் வந்தவனிடம் கலையரசி கேட்டாள்.

"என்ன சொன்னாங்க?"

"மீட்டிங் இருபத்தஞ்சு நிமிஷத்துக்கு மேல நடக்கக்கூடாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க."

"அத முடிவு பண்ண எம்மாநேரம் ஆச்சு?"

அறிவரசன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். பயனாளி அட்டை அப்போதும் கழுத்திலேயே இருந்தது.

இதற்கிடையில் பள்ளித் தலைமையாசிரியை சாகிரா தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருந்தார். லெப்பைக்குடிக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். காலையிலும் மாலையிலும் பள்ளியின் சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்பார். சிவப்பைப் பார்த்தால் லாரிக்காரர்கள் நிற்பார்கள் என்பது அவர் கணக்கு.

"எங்க நிக்கறான்" என்று அறிவரசனிடம் சொன்னார். "வாளியப் பார்த்துட்டு, தண்ணி இல்லம்மான்னு கைய ஆட்டிட்டுப் போறான். நேத்து ஒருத்தன் பாவம் பார்த்து நிறுத்தி ஒரு கேன் தண்ணி ஊத்திட்டுப் போனான். அல்லாஹ் அவனுக்கு நல்லது பண்ணட்டும். ஆனா அவன் பின்னாடி வந்தவன் ஓவர்டேக் எடுத்தான் தம்பி. பிள்ளைங்க நடு ரோட்டுல நிக்குது. என் உசுரு என்கிட்ட இல்ல."

"மூணாவது பொருள் அடுத்த மீட்டிங்ல வருதுங்க டீச்சர்."

"அதுவரைக்கும் நான் வாளியோட நிக்கறேன்."

அடுத்த கூட்டத்துக்கு அறிவரசன் போனபோது அரங்கத்தில் நாற்காலிகள் இல்லை. வெளிநாடுகளில் நின்றுகொண்டேதான் கூட்டம் நடத்துகிறார்களாம், கால் வலிக்கும் என்பதால் பேச்சு குறையுமாம். ஜெயப்பிரகாஷ் சொல்லியிருந்தார். யார் எங்கே நிற்பது என்பதைப் பதவி வாரியாகத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தார்கள். இயக்குநருக்கு மூட்டு வலி. அவர் மட்டும் நாற்காலியில் இருந்தார். அவர் நின்றுகொண்டிருப்பதாகவே கருத வேண்டும் என்று முதலில் ஒரு தீர்மானம் போட்டார்கள். சற்று நேரத்தில் துணை இயக்குநர்கள் இருவரும் அவ்விதமே கருதப்பட்டார்கள். கடைசியில் உண்மையாகவே நின்றவர்கள் வேம்பு அம்மாளும் அறிவரசனும்தான்.

பேச்சு நீளாமல் இருக்க மேசை மேல் ஒரு மணல் கடிகாரம் வந்திருந்தது. ஒருவர் பேச ஆரம்பித்ததும் அதைக் கவிழ்ப்பார்கள். மணல் தீர்ந்தால் உட்கார வேண்டும், அதாவது உட்கார்ந்திருப்பவர் பேச்சை நிறுத்த வேண்டும். முதல் துணை இயக்குநர் தொடங்கினார்.

"இந்த இனிய கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருக்கிற, எங்கள் வழிகாட்டி, மாண்புமிகு இயக்குநர் ஐயா அவர்களே, சென்னையிலிருந்து வருகை தந்து எங்களுக்குக் கூட்டம் என்றால் என்ன என்று கற்றுத்தந்துகொண்டிருக்கிற பயிற்சியாளர் அவர்களே, எனக்கு முன்னே பேச இருந்து, நேரத்தின் அருமை கருதி எனக்குப் பின்னே பேச இருக்கிற சக துணை இயக்குநர் அவர்களே, அன்பும் பண்பும் நிறைந்த கண்காணிப்பாளர் அம்மையார் அவர்களே, பயனாளிப் பெருமக்களே..."

மணல் தீர்ந்தது. அவர் வணங்கி நிறுத்திக்கொண்டார். இரண்டாமவரும் விளித்து முடிக்கும்போது மணல் தீர்ந்தது. எட்டுப் பேர் பேசினார்கள். எட்டுப் பேரும் எல்லாரையும் விளித்தார்கள். ஜெயப்பிரகாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு கட்டுப்பாடான அலுவலகத்தைத் தான் எங்கும் பார்த்ததில்லை என்றார். ஒருவர்கூட நேரத்தைத் தாண்டவில்லை.

வேம்பு அம்மாள் சுவரில் சாய்ந்தபடி அறிவரசன் காதருகே சொன்னார். "தம்பி, கால் கடுக்குது. இப்பக் கேட்டீங்கன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். கேளுங்க."

அறிவரசன் கேட்டான். அதற்கு முன் யாரையும் விளிக்கவில்லை. அரங்கத்தில் ஒரு சங்கடம் பரவியது.

"ஓலைமேட்டுல வேகத்தடை போடணுங்க."

இயக்குநர் கோப்பைப் புரட்டினார். "ஓலைமேட்டுல வேகத்தடை இருக்கே."

"இருந்துச்சுங்க ஐயா. நீங்கதான் எடுத்துட்டீங்க."

"எடுக்கச் சொல்லி உத்தரவு இருக்கா?"

மேலதிகாரியின் இடுப்புக்காக எழுத்தில் உத்தரவு போட முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"உத்தரவு இல்ல" என்றார் இயக்குநர், நிம்மதியுடன். "உத்தரவு இல்லாம எடுத்தா அது எடுத்ததா ஆகாது. எங்களப் பொறுத்தவரைக்கும் அது அங்கயேதான் இருக்கு. இருக்கற வேகத்தடை மேல இன்னொரு வேகத்தடை போட்டா நாளைக்குத் தணிக்கைக்காரன் என்னய்யா கேப்பான்?"

"லாரிக்காரன் கண்ணுக்கு அது தெரியலீங்களே."

"அது லாரிக்காரனோட பார்வைக் கோளாறு. அதுக்கு வேற துறை இருக்கு."

அறிவரசன் கையோடு கொண்டுவந்திருந்த நசுங்கிய டிபன் டப்பாவை மேசை மேல் வைத்தான். எல்லாரும் அதைப் பார்த்தார்கள். வேம்பு அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயப்பிரகாஷ்தான் முதலில் பேசினார். "சார், இதுக்குத்தான் களக்கூட்டம்னு ஒண்ணு இருக்கு. பிரச்சினை இருக்கற எடத்துக்கே கூட்டத்தக் கொண்டுபோறது. பாக்கறோம், அங்கயே பேசறோம், அங்கயே முடிக்கறோம்."

"வெளியூர்ப் படி உண்டா?" என்று யாரோ கேட்டார்கள்.

உண்டு என்று தெரிந்ததும் தீர்மானம் நிறைவேறியது.

களக்கூட்டத்தன்று பொழுது விடியும்போதே ஓலைமேட்டில் வண்டிகள் வந்து இறங்கின. பள்ளி மைதானத்தில் முதல் நாள் மழைத் தண்ணீர் தேங்கியிருந்ததால் சாமியானாவைச் சாலையோரம் போட்டார்கள். ஓரம் போதாமல் பாதி சாலைக்கு வந்துவிட்டது. ஐந்து ஜீப்புகள். ஐந்திலும் அரசுப் பலகை. சாலையின் மீதிப் பாதியில், ஒரு லாரி நுழைய மட்டும் இடம் விட்டு, இரண்டு ஜீப்புகளை நிறுத்தினார்கள். பேனர், மைக்செட், பிளாஸ்டிக் நாற்காலிகள், வரவேற்பில் சந்தனமும் கல்கண்டும். தலைமையாசிரியை சாகிராவை மேடையில் உட்காரச் சொன்னார்கள். அவர் வாளியைக் கீழே வைக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

பள்ளி தொடங்கும் நேரம். அரியலூர்ப் பக்கமிருந்து முதல் லாரி வந்தது. தூரத்திலேயே ஜீப்புகளைப் பார்த்தது. அறிவரசன் தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்த லாரி மெல்ல மெல்ல ஊர்ந்து, துக்க வீட்டுக்குள் நுழைகிறவர் போல வந்து, முழுசாக நின்றது. ஓட்டுநர் ராஜா கீழே இறங்கி, அவிழ்ந்து பறந்த தார்ப்பாயை இழுத்துக் கட்ட ஆரம்பித்தான். அறிவரசனிடம் பலமுறை பஞ்சர் ஒட்டியவன்.

"என்னடா ராஜா, இம்மாம் பொறுமையா வர்ற?"

"ஜீப்பப் பார்த்தா காலு தன்னால பிரேக்குக்குப் போயிருதுண்ணே. எத்தன டன் ஏத்திருக்கேன்னு எனக்கே தெரியாது. பிடிக்க வந்திருக்காங்களா?"

"மீட்டிங் போட்டிருக்காங்க."

"மீட்டிங்கா" என்றான் ராஜா. ஆனாலும் லாரியைக் கைக்குழந்தையைத் தூக்கிப் போவது போலவே ஓட்டிக்கொண்டு போனான்.

அவன் பின்னால் வந்த லாரிகளும் அப்படியே ஊர்ந்தன. காலனிப் பிள்ளைகள் கூட்டமாகச் சாலையைக் கடந்தார்கள். ஒரு குழந்தை நடுச்சாலையில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டது. லாரி காத்திருந்தது.

மேடையில் இயக்குநர் எழுந்தார். எல்லாரையும் விளித்து முடித்து, உடனடியாகப் பொருளுக்கு வந்தார்.

"வேகத்தடை வேணுமா வேணாமாங்கறத இன்னொருத்தர் சொல்லிக் கேக்கற ஆள் நான் இல்ல. நேர்ல பாக்கணும். வந்தோம். இந்த ரோட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல கண்ணால பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு லாரி, ஒரே ஒரு லாரி வேகமாப் போச்சா? நீங்களே சொல்லுங்க. எல்லாம் எறும்பு மாதிரி ஊந்துது. இதுலேர்ந்து ரெண்டு விஷயம் தெளிவாகுது. ஒண்ணு, ஏற்கெனவே இருக்கற வேகத்தடை நல்லா வேல செய்யுது. ரெண்டு, புதுசா ஒண்ணும் தேவையில்ல. மனு தள்ளுபடி. இருபத்தஞ்சு நிமிஷத்துல எடுக்க வேண்டிய முடிவுன்னாலும் பொறுப்போட எடுத்திருக்கோம்."

பலத்த கைதட்டல். சாகிரா டீச்சர் வாளியைப் பிடித்தபடி அறிவரசனைப் பார்த்தார். கூட்டத்தில் நின்ற கலையரசியும் அவனைப் பார்த்தாள். அவள் பார்வையில், நீங்களும் உங்கள் மீட்டிங்கும் என்பது எழுதியிருந்தது.

நன்றியுரை சொல்லப் பயனாளியை மேடைக்கு அழைத்தார்கள்.

அறிவரசன் மேடையேறினான். மைக்கைப் பிடித்தான். எதிரே சாலை தெரிந்தது. ஒரு லாரி நத்தை போல ஜீப்புகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. கூட்டம் முடிந்தால் ஜீப்புகள் போகும். ஜீப்புகள் போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். இத்தனை நாள் பெரம்பலூருக்கு நடந்த நடை வீண்போகவில்லை. எப்படிப் பேச வேண்டும் என்று இப்போது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"எங்கள் வழிகாட்டி, மாண்புமிகு இயக்குநர் ஐயா அவர்களே" என்று ஆரம்பித்தான். ஒருவர் விடாமல் விளித்தான். இயக்குநரின் முகம் மலர்ந்தது.

"வேகத்தடை வேணாம்னு ஐயா சொல்லிட்டீங்க. சரிங்க. வேணாம். ஆனா ஒரு கொற இருக்குங்க. இம்மாம் பெரிய முடிவ ஒரே மீட்டிங்ல முடிச்சிட்டுப் போறது எங்க ஊருக்கு மரியாத இல்லீங்க. இது காலை நெலம. சாயங்காலம் எப்படின்னு யாரு பார்த்தா? திங்கக்கெழம ஒரு மாதிரி இருக்கும், வெள்ளிக்கெழம ஒரு மாதிரி இருக்கும். அதனால ஐயா பெரிய மனசு பண்ணி, பள்ளிக்கூடம் இருக்கற நாளெல்லாம், பள்ளிக்கூடம் ஆரம்பிக்கற நேரம் ஒரு மீட்டிங், விடற நேரம் ஒரு மீட்டிங், இதே எடத்துல, இதே மாதிரி ஜீப்ப நிறுத்தி நடத்தித் தரணும்னு ஊர் சார்பா கேட்டுக்கறேன்."

இயக்குநர் அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார்.

"முப்பது வருஷம்" என்றார் மைக்கில், குரல் தழுதழுக்க. "ரோடு கேட்டிருக்காங்க. பாலம் கேட்டிருக்காங்க. என்னைத் திட்டியிருக்காங்க. பொதுமக்கள் ஒருத்தர் எழுந்து மீட்டிங் வேணும்னு கேட்டு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

தீர்மானம் அங்கேயே நிறைவேறியது. வேகத்தடை போட மூன்று துறைகளின் ஒப்புதல் வேண்டும். கூட்டம் போட எந்தத் துறையின் ஒப்புதலும் வேண்டாம்.

அதற்குப் பிறகு ஓலைமேட்டில் இருவேளையும் கூட்டம் நடந்தது. என்ன பேசுவது என்ற கவலை அவர்களுக்கு வரவில்லை. காலைக் கூட்டத்தில் மாலைக் கூட்டத்துக்குத் திட்டமிட்டார்கள். மாலைக் கூட்டத்தில் காலைக் கூட்டத்தை ஆய்வு செய்தார்கள். சாகிரா டீச்சரின் வாளி தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டது. கலையரசி கடைக்குப் பக்கத்தில் ஓர் அடுப்பு வைத்து டீயும் போண்டாவும் போட்டாள். வேம்பு அம்மாள் இரண்டு வேளையும் அங்கே வந்து உட்கார்ந்து, எல்லாம் தெரிந்தும் ஒன்றும் தெரியாத முகத்துடன் சாப்பிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு காலையில் ஜெயப்பிரகாஷ் வந்து சேர்ந்தார். சென்னையில் இந்த அலுவலகத்தை எல்லாரும் புகழ்கிறார்கள், கூட்ட எண்ணிக்கையில் மாநிலத்திலேயே முதலிடம், இனித் தரத்திலும் முதலிடம் வர வேண்டும் என்றார். அன்றைக்கு அவரே கூட்டத்தை நடத்தினார். விளிக்கக்கூடாது என்றார். பொருளை மட்டும் பேசச் சொன்னார். பொருள் என்று ஒன்றும் இல்லாததால் கூட்டம் மணல் தீருமுன்பே முடிந்துவிட்டது. அவர் கையை மேலே தூக்கிக் காட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். இவ்வளவு சீக்கிரம் ஒரு கூட்டம் முடியும் என்பதே அவர்களுக்குப் புதிது. செய்வதறியாமல் ஜீப்பில் ஏறினார்கள்.

பள்ளி மணி இன்னும் அடிக்கவில்லை. காலனிப் பிள்ளைகள் அப்போதுதான் கடைவாசலில் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கவியா முன்னால் நின்றாள். அரியலூர்ப் பக்கத்து வளைவில் நான்கைந்து லாரிகள் வரிசையாகத் தெரிந்தன. முதல் ஜீப் நகர்ந்து வழிவிட்டது. இரண்டாவது ஜீப் கிளம்பியது. முன்னால் வந்த லாரி வழி திறந்ததைக் கண்டு கியர் மாற்றும் சத்தம் கடைவரை கேட்டது.

"என்னங்க" என்றாள் கலையரசி.

அறிவரசன் ஓடினான். கையில் பஞ்சர் ஒட்டும் பசையோடு ஓடினான். இயக்குநர் ஜீப்பில் ஒரு காலை வைத்துவிட்டிருந்தார்.

"ஐயா, ஒரு சின்ன சந்தேகங்க."

"எழுதிக் குடுங்க, அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம்."

"எழுதற விஷயம் இல்லீங்க ஐயா." அறிவரசன் பேனரைக் காட்டினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "பேனர்ல பெரம்பலூர், அரியலூர்னு போட்டிருக்கு. நாம நிக்கறது அரியலூர் மாவட்டத்து மண்ணு. அரியலூரத்தானே மொதல்ல போடணும்? ஊர்ல கேக்கறாங்க."

இயக்குநர் ஜீப்பில் வைத்த காலைக் கீழே இறக்கினார். அவர் இரண்டு ஊரையும் சேராதவர், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வம்பு. முகம் வெளுத்தது.

இரண்டாவது ஜீப்பின் இன்ஜின் அணைந்தது. அரியலூரைச் சேர்ந்த துணை இயக்குநர் அதிலிருந்து இறங்கினார். "நானும் ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன்" என்றார்.

முதல் ஜீப் பின்னோக்கி வந்து பழைய இடத்தில் நின்றது. பெரம்பலூரைச் சேர்ந்தவர் இறங்கினார். "எதக் கேக்கணும்னு இருந்தீங்க? பெரம்பலூர்லேர்ந்து பிரிஞ்சு போனதுதானே அரியலூரு. தாய் மாவட்டம் எதுங்க?"

"தாய் மாவட்டத்துக்கு ஒரு ரயில் இருக்கா? மேலதிகாரியே எங்க ஊர்ல எறங்கித்தான் உங்க ஊருக்கு வரணும்."

"ஹைவே எங்ககிட்டல்ல இருக்கு."

"அகர வரிசைப்படி..." என்று தொடங்கினார் ஜெயப்பிரகாஷ்.

"நீங்க சும்மா இருங்க சார்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

எல்லா ஜீப்புகளின் கதவுகளும் திறந்தன. அடுக்கிய நாற்காலிகளைத் திரும்பப் பிரித்துப் போட்டார்கள். மைக்கை எடுத்து மீண்டும் மாட்டினார்கள். இயக்குநர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்துவிட்டு, இது இருபத்தைந்து நிமிடத்தில் முடிகிற விஷயம் இல்லை என்றார். ஜெயப்பிரகாஷ் மணல் கடிகாரத்தைக் கவிழ்த்தார். யாரும் பார்க்கவில்லை. மணல் தீர்ந்ததையும் யாரும் பார்க்கவில்லை.

கியர் மாற்றிய லாரி மறுபடியும் கியரைக் குறைத்து, ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கித் தார்ப்பாயைக் கட்ட ஆரம்பித்தார்.

அறிவரசன் கடைப்பக்கம் வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் லாரிக்கு முன்னால் நடந்து கடந்தார்கள்.

"ஏம்ப்பா அவங்கல்லாம் சண்ட போடறாங்க?"

"சண்ட இல்ல கண்ணு. மீட்டிங்."

"எப்ப முடியும்?"

"ஆறாவதுக்கு நீ அரியலூர் பஸ்ஸுல போயிடுவ. அதுவரைக்கும் தாங்கும்."

கவியா பின்னால் வரும் சின்னப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம் இவங்கல்லாம்?"

"இவங்களுக்கு, ரெண்டு துணை இயக்குநர்ல யாருக்கு மொதல்ல பொன்னாட போத்தணும்னு கேட்டுக்கலாம்" என்றான் அறிவரசன்.